பைண்டு வால்யூம் பெரியப்பா

குடும்பத்துக்கு ஒரு பைண்டு வால்யூம் பெரியப்பா இருப்பார். அப்பா வழியில் இல்லையென்றால் அம்மா வழியில் மாமாவாக இருப்பார். வயது எழுபத்தைந்தைத் தொட்டிருக்கும். வேலை பார்த்தது பொதுப்பணித் துறையிலோ தபால் இலாகாவிலோ. அதை அவரே பாதி மறந்துவிட்டார். அவரிடம் போய், "பெரியப்பா, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம் எது?" என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்டுவிடாதீர்கள். வாயால் பதில் வராது. எழுந்து பீரோ சாவியைத் தேடுவார்.

அந்த வீட்டு நகையெல்லாம் பாங்கு லாக்கரில் இருக்கிறது. வீட்டுப் பத்திரம் பரண்மேல் டிரங்குப் பெட்டியில். பீரோவின் நடுத்தட்டில், பழைய வேட்டியில் சுற்றி, பக்கத்தில் வசம்புத் துண்டுகள் காவலிருக்கப் பள்ளிகொண்டிருப்பது கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவல். கடையில் வாங்கியதல்ல. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்ததை அவருடைய அம்மா பக்கம் பக்கமாகப் பிரித்துச் சேர்த்து வைத்தார். அப்பா அதைப் பைண்டரிடம் கொடுத்து, பாகத்துக்கு ஒன்றாக ஐந்து வால்யூம் தைத்து வாங்கினார். பசையில் மயில்துத்தம் கலந்ததா என்று பக்கத்தில் நின்று பார்த்தாராம்.

புத்தகம் வெளியே வந்ததும் சட்டதிட்டங்கள் தொடங்கும். கையைக் கழுவித் துடைக்க வேண்டும். எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. காப்பி டம்ளர் இருக்கிற அறையில் புத்தகம் இருக்காது; புத்தகம் இருக்கிற அறையில் மின்விசிறி ஓடாது.

பைண்டர் ஓரம் வெட்டும்போது கொஞ்சம் தாராளமாகவே வெட்டிவிட்டார். வலப்பக்கம் வரிக்கு ஓர் எழுத்து போய்விட்டது. நாம் படித்தால் தடுக்கி விழுவோம். பெரியப்பா போன எழுத்தையெல்லாம் தானே போட்டுக்கொண்டு தடதடவென்று படிப்பார். "எல்லா எழுத்தையும் அவங்களே அச்சடிச்சுக் கொடுத்துட்டா, வாசகனுக்கு என்னடா வேலை?" என்பது புதுப் பதிப்புகள் மேல் அவருடைய முதல் புகார்.

நடுவில் ஒரு வாரத்து இதழ் வீட்டுக்கு வரவே இல்லை. அவருடைய அத்தை எதிர்வீட்டில் இரவல் வாங்கி, கோடு போட்ட தாளில் ஊதா மையில் அந்த அத்தியாயத்தைப் பிரதி எடுத்து ஒட்டியிருக்கிறார். அத்தைக்கு நந்தினியைக் கண்டால் ஆகாது. கல்கி அவள் அழகை வர்ணித்துக்கொண்டே போகிற இடத்தில், "நந்தினியும் அங்கே இருந்தாள்" என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார். வானதி மயங்கி விழுந்ததும் ஓரத்தில் "பாவம், சாப்பிட்டிருக்க மாட்டாள்" என்று தன் கணக்கில் சேர்த்திருக்கிறார். பெரியப்பா இதையும் கல்கி எழுதியதாகவே மனப்பாடம் செய்து வளர்ந்தவர். பின்னாளில் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, தப்பு அச்சுப் பிரதியில்தான் என்று தீர்ப்பாயிற்று.

கதையில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கதை முடிந்து எழுபது வருஷம் ஆன பிறகும் வாசகர்கள் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நந்தினி என்று ஒரு கட்சி, ரவிதாசன் என்று ஒரு கட்சி, பெரிய பழுவேட்டரையர் எறிந்த கத்திதான் என்று ஒரு கட்சி. அந்தக் கொலையைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டைக் காட்டிப் பேசுகிறவர்களும் உண்டு. பெரியப்பா வீட்டில் மட்டும் வழக்கு முடிந்துவிட்டது. அவர் பிரதியில் கரிகாலன் படத்தில், நட்டநடு மார்பில், வட்டமாக ஒரு துளை. கொன்றது ராமபாணப் பூச்சி.

ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்பக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் அவருடைய பெரிய சொத்து. பக்க எண் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையிலே ஒளிஞ்சு நின்னு கேட்கிறானே, அதுக்குப் பின்னாடி பல்பொடி விளம்பரம்" என்று அடையாளம் சொல்வார். முன்பக்கத்தில் சோழ நாட்டை இரண்டாகப் பிரிக்கலாமா என்று சிற்றரசர்கள் கூடிப் பேசுகிறார்கள். புரட்டினால் சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திரம் பிரிகிற 1953-ஆம் வருஷத்துச் செய்தி. நாட்டு நடப்பு முழுவதையும் அவர் இப்படிச் சோழர்களுக்கு முதுகுப்புறமாகவே கற்றுக்கொண்டார்.

ஊரில் யாரையும் சொந்தப் பெயரால் அவருக்குத் தெரியாது. பாங்கு மேனேஜர் பெரிய பழுவேட்டரையர், தனாதிகாரி. அடுக்குமாடி வாசலில் நோட்டில் கையெழுத்து வாங்குகிற செக்யூரிட்டி சின்னப் பழுவேட்டரையர், கோட்டைக் காவல். எல்லா வீட்டுச் சங்கதியும் தெரிந்த இஸ்திரிக்காரர் ஆழ்வார்க்கடியான். மருமகன் மட்டும் அன்றைய நடத்தையைப் பொறுத்து வந்தியத்தேவனாகவும் கந்தமாறனாகவும் மாறி மாறி வருவார்.

மகனோடு சென்னையில் வந்து இருந்த நாளில் குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தது. மருமகள் முகம் சுளித்தாள். பெரியப்பாவுக்கோ பரவசம். 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் சென்னைக்கு வருகிறது அல்லவா? "ஆடிப்பெருக்கு அன்னிக்கு வந்தியத்தேவன் குதிரைமேல உட்கார்ந்து பார்த்தானே, அந்த ஏரித் தண்ணிம்மா இது. புது வெள்ளம்! அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு கை அள்ளிக் குடித்தார். மறுநாள் டாக்டரிடம் போனதை அவர் கதையில் சேர்ப்பதில்லை.

பெரியம்மா இந்தக் கட்சியில் இல்லை. அவர் நா. பார்த்தசாரதி கட்சி. 'குறிஞ்சி மலர்' படித்துவிட்டு ஊரெல்லாம் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்த தலைமுறை. பெண் பிறந்தபோது ஒருவர் குந்தவை என்றார், ஒருவர் பூரணி என்றார். விளைவு: பள்ளிப் பதிவேட்டில் குந்தவை, வீட்டில் பூரணி. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' விஷயத்தில் மட்டும் இருவரும் ஒற்றுமை. கோபுலு படம் இல்லாமல் அதை அச்சடிப்பது நாதஸ்வரத்தில் சீவாளியைக் கழற்றிவிட்டு வாசிக்கிற மாதிரி என்பார்கள்.

2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படம் இரண்டு பாகமாக வந்தது. பேரன்கள் அழைத்துப் போனார்கள். நடிப்பைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. தொடருக்கு மணியம் வரைந்த கொண்டைக்கும் திரையில் வந்த கொண்டைக்கும் வித்தியாசம் உண்டு என்று முணுமுணுத்ததோடு சரி. வருத்தமெல்லாம் வேகத்தைப் பற்றித்தான். "மூன்றரை வருஷம் காத்திருந்து படிச்ச கதைடா. ஐந்தரை மணி நேரத்துல முடிச்சுட்டாங்க. பசியே எடுக்காம பந்தியில உட்கார வைச்சா எப்படி?"

காத்திருந்தவர் அவர் அல்ல, அவர் அம்மா. தொடர் முடிந்தபோது இவர் நடை பழகுகிற குழந்தை. இதழ் வருகிற நாளில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவாராம். எழுத்துத் தெரியாத பாட்டிக்காக உரக்கப் படிப்பாராம். அத்தியாயம் இக்கட்டான இடத்தில் 'தொடரும்' என்று நின்றதும், பூங்குழலி படகு கரை சேர்ந்திருக்குமா என்று பாட்டி வாரம் முழுவதும் கவலைப்படுவாராம். அந்தக் கவலையும் தனக்குச் சேர வேண்டிய பாகம் என்று பெரியப்பா நினைக்கிறார். அதனால் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அத்தியாயம். அதற்குமேல் தொட மாட்டார். ஏறக்குறைய முந்நூறு அத்தியாயம். இந்தக் கணக்கில் ஒரு சுற்று முடிய ஆறு வருஷம் ஆகும். எழுதிய கல்கிக்கே அவ்வளவு காலம் தேவைப்படவில்லை.

இரவல் கேட்டு வருகிறவர்களுக்கென்று மலிவுப் பதிப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். "அது ஊருக்கு, இது எனக்கு." 1999-இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகிவிட்டது. புத்தகக் காட்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஐந்து பாகமும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கைப்பேசியில் காசில்லாமல் கிடைக்கிறது. கதை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் நந்தினியை அத்தை மட்டம் தட்டிய பிரதி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நமக்கு மிகவும் பிடித்த புத்தகம் என்று நாம் சொல்வதில் பாதி ஆசிரியர் எழுதியது, மீதி வீட்டார் எழுதியது. பெரியப்பா இரண்டையும் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருக்கிறார். அவ்வளவுதான் அவருடைய பித்து.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கட்டு கிடக்கலாம். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது அதைப் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏற்றிவிடாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு நாள் போய் உட்கார்ந்து, எந்தப் பக்கத்தில் இருப்பது யார் கையெழுத்து, எந்த வாரம் ஏன் விட்டுப்போனது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள். இரவல் மட்டும் கேட்காதீர்கள்.