காரைக்கால் மாமா பதில்கள்: அட்டை பத்திரம்!

வாசகி, நிரவி
காப்பர்-டி போட்டதிலிருந்து உதிரப்போக்கு ஓயவில்லை. கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

முதலில் டாக்டர், அப்புறம் வக்கீல். ஸ்கேன் எடுத்து, 'டி' இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் சில மாதம் உதிரம் கூடுவது காப்பர்-டியின் சுபாவம். அதை வைத்து மட்டும் வழக்கு நிற்காது. கை முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது என்றால் கதை வேறு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 6-ம் அத்தியாயம் முழுக்கப் பொருளால் வந்த தீங்குக்கானது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, எச்சரிக்கை தராத குறை என எதைக் காட்டினாலும் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும்.

வாசகி, திருநள்ளாறு
அதே தொந்தரவுதான் எனக்கும். மாமியார் 'சனி தோஷம்' என்கிறார்.

நளன் குளத்தில் தாராளமாக முழுகுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் கரையில் வைத்துவிட்டு!

வாசகர், கோட்டுச்சேரி
வழக்குக்கு என்ன ஆதாரம் வேண்டும்?

காகிதம். காப்பர்-டி போட்டதும் ஓர் அட்டை தருவார்கள்: போட்ட தேதி, என்ன வகை, எப்போது மாற்ற வேண்டும் என்று. 380-ஏ வகை என்றால் பத்து வருஷக் கெடு. அதற்குள் அட்டை அரிசி டப்பாவுக்கு அடியில் போய்விடும். பாக்கெட் உறையில் பேட்ச் நம்பர் இருக்கும்; குப்பைக்குப் போகும் முன் நர்ஸம்மாவிடம் கேட்டு செல்போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் வீட்டம்மாவை.

மாங்கனித் திருவிழா கொண்டாடும் ஊர்க்காரர் நீங்கள். ஒரு பழத்துக்கே 'இது ஏது?' என்று கேட்டான் காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன். அம்மையாருக்கு இறைவன் இன்னொரு பழம் கொடுத்தான். நுகர்வோர் ஆணையம் கேட்டால் இன்னொரு அட்டை யார் கொடுப்பார்?

வாசகி, திருமலைராயன்பட்டினம்
அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போட்டுக்கொண்டேன். நானும் நுகர்வோர்தானே?

சட்டம் கைவிரிக்கும் இடம் இதுதான். எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிலரிடம் காசு, சிலருக்கு இலவசம் என்று நடத்தும் இடமானால் இலவச நோயாளியும் கேட்கலாம்.

காசு கொடுக்காதவளுக்கு மட்டும் வலி குறைச்சலா? இந்த ஓட்டையை நாடாளுமன்றம்தான் அடைக்க வேண்டும். அதுவரை சிவில் கோர்ட் இருக்கிறது, உயர் நீதிமன்றம் இருக்கிறது. ஹரியானாவில் ஓர் ஏழைப் பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்கள் ஒரு பக்கக் குழாயை மட்டும் கவனித்துவிட்டு அனுப்பினார்கள். குழந்தை பிறந்தது. அரசே பொறுப்பு என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஷ்டஈடு 54,000 ரூபாய். ஒரு பிள்ளையை ஆளாக்க!

மாணவி, வரிச்சிக்குடி
'டால்கன் ஷீல்ட்' வழக்கு என்கிறார்களே, அது என்ன?

1971-ல் அமெரிக்காவில் ஏ.எச்.ராபின்ஸ் கம்பெனி விற்க ஆரம்பித்த கருத்தடைச் சாதனம். மற்றவற்றின் வால்நூல் ஒற்றை இழை. இதன் நூலோ ஓர் உறைக்குள் நூற்றுக்கணக்கான நுண்ணிழை. அந்த இடுக்கு வழியே கிருமி ஏறிக் கருப்பைக்குள் போனது. சீழ், மலட்டுத்தன்மை, மரணம். 1974-ல் அங்கே விற்பனை நின்றது. வழக்குகள் குவிந்து, 1985-ல் கம்பெனி திவால் மனு போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதி 200 கோடி டாலரைத் தாண்டியது.

இதை உருவாக்கிய டாக்டரே 'ஆயிரத்தில் பதினோரு பேருக்குத்தான் தவறும்' என்று ஆய்வும் எழுதினார். விற்பனை லாபத்திலும் அவருக்குப் பங்கு. பரீட்சை எழுதினவனே மார்க்கும் போட்டுக்கொண்டான்.

வாசகி, காரைக்கால்
என் மகள் பிரெஞ்சு குடியுரிமையோடு பாரீஸில் இருக்கிறாள். 'எஷ்யூர்' வைத்துக்கொண்டாளாம். பயமாக இருக்கிறது.

கருக்குழாய்க்குள் வைக்கும் உலோகச் சுருள் அது. ஐரோப்பாவில் 2017-லேயே விற்பனை நின்றுவிட்டது, அமெரிக்காவில் 2018 கடைசியில். வலி, துளை, நிக்கல் ஒவ்வாமை என்று ஃபேஸ்புக்கில் ஒன்றுசேர்ந்த பெண்கள் விடவில்லை. 2020 ஆகஸ்டில், தவறை ஒப்புக்கொள்ளாமலே, சுமார் 39,000 வழக்குகளில் பெரும்பகுதியை முடிக்க 160 கோடி டாலர் தர பேயர் கம்பெனி சம்மதித்தது.

தொந்தரவு இல்லையென்றால் மகள் பயப்பட வேண்டாம், டாக்டரிடம் காட்டினால் போதும். தொந்தரவு இருந்தால் தாமதிக்க வேண்டாம். ஐரோப்பிய விதிப்படி தீங்கு தெரிந்து மூன்று வருஷம்தான் அவகாசம். நம் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டே வருஷம்.

வாசகர், நெடுங்காடு
பக்கவிளைவு உண்டு என்று என் மனைவிக்கு யாருமே சொல்லவில்லை. கம்பெனியைப் பிடிக்கலாமா?

கம்பெனி நுகர்வோர் சட்டத்தின் 87-ம் பிரிவைக் காட்டும். நிபுணர் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்த வேண்டிய பொருளுக்கு, எச்சரிக்கையை நிபுணரிடம் முறையாகச் சேர்த்திருந்தால் அதன் கடமை முடிந்தது. துண்டுச்சீட்டு டாக்டர் மேஜை வரை வந்தது. அங்கிருந்து கட்டில் வரை வரவில்லை. அப்படியானால் கேள்வி டாக்டருக்கு. 'உள்ளே என்ன போடுகிறீர்கள், என்ன ஆகலாம்?' என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சேலை எடுக்கும்போது கேட்கிற கேள்வியில் பாதி கேட்டாலே போதும்.

மூத்த வாசகி, அம்பகரத்தூர்
எங்கள் காலத்து லூப்புக்கு யாரும் வழக்குப் போடவில்லையே?

அத்தை, 1965-ல் லூப் என்ற கருத்தடைச் சாதனம் தேசியத் திட்டமாக வந்தபோது போடுகிறவர்களுக்கு இலக்கு இருந்தது. உதிரம் போகிறதென்று திரும்பி வந்தவளைப் பார்க்க ஆள் போதவில்லை. உங்கள் தலைமுறை கோர்ட்டுக்குப் போகவில்லை. எடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னது. அதிலேயே திட்டம் படுத்துவிட்டது!

வாசகி, நல்லம்பல்
வக்கீல் பீஸுக்கு எங்கே போவேன்?

ஐந்து லட்சத்துக்குள் வாங்கிய பொருளுக்கு ஆணையத்தில் மனுக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். வக்கீல் வேண்டுமென்றால், 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ம் பிரிவுப்படி பெண்ணுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் போடுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும்.