கிட்கேட் விரல் விசாரணை: காஹாங் மரபை முன்வைத்து

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த காஹாங் என்னும் ஜொகூர்ச் சிற்றூரைக் குறித்து எழுதப் புகுந்தோர், அது எண்டாவ்-ரொம்பின் வனத்துக்கு வாயில் என்று சொல்லிவிட்டு வனத்துக்குள் புகுந்துவிடுகிறார்களேயன்றி, அவ்வூர் மளிகைக் கடையில் செந்நிற உறையுடன் வீற்றிருக்கும் கிட்கேட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதினாரில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வியாசத்தின் பிரயோஜனம்.

முதலில் கால நிர்ணயம். கிட்கேட்டின் ஜன்மஸ்தலம் இங்கிலாந்தின் யார்க் நகரத்து ரவுண்ட்ரீ ஆலை. வேலைக்குக் கட்டிக்கொண்டு போகத்தக்க பண்டம் ஒன்று வேண்டுமென்று தொழிலாளி ஒருவர் யோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டதாக ஐதிகம். 1935இல் 'சாக்லேட் கிரிஸ்ப்' என்ற நாமத்துடன் வெளிவந்து, 1937இல் கிட்கேட் ஆயிற்று. இத்தனை அண்மைக் காலம் நம் அறிஞர் சிலருக்கு உவப்பாயிராது. எப்பொருளையும் கடல்கொண்ட நாட்டிலிருந்து தொடங்காவிடில் அவர்களுக்கு உறக்கம் வாராது. அவர்கள் பொருட்டு, முதற்சங்கக் கிட்கேட் ஒன்று இருந்ததென்றும், புலவர்கள் அதைத் தின்றுவிட்டமையால் சான்று கிட்டவில்லையென்றும் கொள்வோமாக.

உலகப் போரில் பால் அருகியபோது இது கருஞ்சாக்லேட்டாக, நீல உறையில் வந்தது. இந்த நீலயுகத்துக்கு ஜொகூரில் சான்றில்லை. ஜப்பான்காரன் காலத்தில் இங்கே மரவள்ளிக்கிழங்கே ஆகாரம், கிழங்குக்கு உறை கிடையாது.

சற்று ஓய்ந்து கிட்கேட் தின்னுமாறு பணிக்கும் விளம்பர வாசகம் லண்டனில் பிறந்ததும், மலாயா சுதந்திரம் பெற்றதும் 1957. இதைத் தற்செயல் என்பவர் ஆய்வுலகில் பதவி உயர்வு பெறமாட்டார்.

1988இல் ரவுண்ட்ரீயைச் சுவிட்சர்லாந்தின் நெஸ்லே வாங்கிற்று. சுவீகார புத்திரனுக்கும் குலப்பெயர் உண்டாதலின், மேலே செல்வோம்.

இரண்டு விரல் கிட்கேட்: பதவுரை மட்டும் அச்சிட்ட மலிவுப் பதிப்பு.

இனி நான்கு விரல் பாகப்பிரிவினை. விஞ்ஞானேசுவரரின் மிதாக்ஷரப்படி பிறப்பினாலேயே புத்திரருக்குப் பிதிரார்ஜிதத்தில் உரிமை உண்டாதல் போல, உறை கிழியும் ஓசை கேட்ட மாத்திரத்தில் பிள்ளைகளுக்கு விரலுரிமை தோன்றிவிடும். ஜீமூதவாகனரின் தாயபாகத்தார், தகப்பனார் தின்று கைகழுவிய பின்பே உரிமை என்பர். அச்சித்தாந்தம் வங்காளத்தில் செல்லும், காஹாங்கில் செல்லாது. பிள்ளைகள் மூவராயின் நான்காம் விரல் யாருடையது என்பதே பெருஞ்சர்ச்சை. இதற்கு மூலப் பிரமாணமாவது மளிகைக் கடைக் கடன் நோட்டு (இரண்டாம் புத்தகம், மண்ணெண்ணெய்க் கறைக்கு மேல் மூன்றாம் வரி). அங்கே 'கிட்கேட்' என்பதை அடுத்த இலக்கத்தைக் கரப்பான் அரித்திருப்பதால், 1 என்றும் 4 என்றும் பாடபேதம் உண்டு. 1 எனில் பொட்டலம், 4 எனில் விரல் என்றார் பழைய உரைகாரர். கறையே ஆதிமூலம், எழுத்து பிற்சேர்க்கை என்றார் அவர் மாணாக்கர். மாணாக்கரின் மாணாக்கரோ, தம் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பில் (மறுபதிப்பில் நீக்கப்பட்டு, பிழைதிருத்தப் பட்டியலில் மீண்டும் சேர்க்கப்பட்டது), நான்காம் விரலைத் தின்றது அக்கரப்பானே என்று நிறுவி, அதன் மீசையை அளந்து படமும் வரைந்தார். இம்மூவரையும் மறுத்து நானூறு பக்கம் எழுதி முனைவரானவர் அந்த நோட்டைக் கண்ணால் கண்டதில்லை.

தகப்பனார் சர்க்கரை வியாதியை உத்தேசித்து விலக்கப்பட்டவராதலின், "எனக்கெதுக்குப்பா?" என்று சொல்லிக்கொண்டே கை நீட்டும் அம்மாவுக்கே நான்காம் விரல் உரியது என்பது நம் முடிபு. மறுக்க விரும்புவோர் தத்தம் சான்றை, உறை பிரிக்காத நிலையிலும், வெயில் ஏறுமுன்னும் நம்மிடம் சேர்ப்பிப்பாராக.