மாமா, சித்தப்பா, மேனேஜர்

புனேயில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் "ஷனிவார் வாடா" என்றேன். சனிக்கிழமையை ஏக வசனத்தில் அழைப்பதுபோல் எனக்குத்தான் கூசியது. அவர் பாட்டுக்கு மீட்டரைப் போட்டார். மராத்தியில் வாடா என்றால் மாளிகை.

இந்த ஊரைச் சுற்ற வரைபடத்தைவிட உறவுமுறை தெரிந்திருப்பது நல்லது. சரித்திரத்தில் பாதி சொந்தக்காரர்கள் செய்த வேலை.

முதலில் மாமா. சிவாஜி சின்ன வயதில் வளர்ந்த வீடு லால் மஹால். ஔரங்கசீப்பின் தாய்மாமன் சாயிஸ்தகான் படையோடு வந்து, போயும் போயும் அந்த வீட்டிலேயே குடியேறினார், வாடகை, அட்வான்ஸ் எதுவும் இல்லாமல். 1663 ஏப்ரலில் ஒரு ராத்திரி வீட்டுக்காரர் திரும்பி வந்தார். கல்யாண கோஷ்டி வேஷத்தில் ஊருக்குள் நுழைந்ததாகச் சொல்வார்கள். மாமா தப்பித்தார், மொய்யாக மூன்று விரலை வைத்துவிட்டுப் போனார். மருமகன் கோபத்தில் அவரை வங்காளத்துக்கு மாற்றினார். நான் பக்தியோடு தொட்டுப் பார்த்த லால் மஹால் சுவருக்கு என்னைவிட வயது குறைவு. பழையது எப்போதோ போய்விட்டது. இது 1980களில் மாநகராட்சி கட்டியது.

(நமக்கும் இதில் பங்கு உண்டு. சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி வெங்காஜி தஞ்சாவூரில் ராஜாவாக உட்கார்ந்திருந்தார். அப்பா சொத்தில் பாதி கேட்டு 1677ல் அண்ணன் கொள்ளிடக்கரைவரை வந்துவிட்டார். சில நாள் பேச்சுவார்த்தைக்குப் பின், தம்பி ஒரு ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் ஆற்றைத் தாண்டி வீட்டுக்குப் போய்விட்டார். பாகப்பிரிவினை என்றால் எந்த ஊரிலும் இதுதான்.)

அடுத்தது மேனேஜர். சிவாஜியின் பேரன் சாஹு மகாராஜா இருந்தது சாத்தாராவில். அவருடைய பிரதம மந்திரிக்குப் பெயர் பேஷ்வா. பேஷ்வா முதலாம் பாஜிராவ் புனேயில் 1730 ஜனவரி 10, சனிக்கிழமை, ஷனிவார் வாடாவுக்குக் கடைக்கால் போட்டார்; 1732ல், மறுபடியும் ஒரு சனிக்கிழமை, கிரகப்பிரவேசம். செலவு 16,110 ரூபாய். முதலாளி ஓர் ஊரில் இருக்க, கணக்குப்பிள்ளை இன்னோர் ஊரில் கோட்டை கட்டினால் ஊர் எதைத் தலைநகர் என்று சொல்லும்? கோட்டை இருக்கும் ஊரைத்தான். முழுக்கக் கல்லில் கட்டுவது ராஜாவுக்கு மட்டுமே உரிய கௌரவம் என்று சாத்தாராவிலிருந்து முணுமுணுப்பு வந்ததாம். அதனால் கீழே கல், மேலே செங்கல் என்பது ஊர்க்கதை. பட்ஜெட் இடித்திருக்கும் என்பது என் கட்சி.

பிரதான வாசல் வடக்கே பார்த்தது. பெயரே டெல்லி வாசல். கதவு முழுக்க யானையின் நெற்றி உயரத்தில் இரும்பு முட்கள். எதிரி யானையை விட்டு முட்டினால் குத்துவதற்கு. மொத்த முள்ளையும் வெளிப்பக்கமாக அடித்ததுதான் தப்பு. உள்ளே சித்தப்பா இருந்தார்.

1773 ஆகஸ்ட் 30. பேஷ்வா நாராயணராவுக்கு வயது 18. சித்தப்பா ரகுநாதராவுக்கு நாற்காலி ஆசை. காவல் வேலைக்கு இருந்த கார்தி சிப்பாய்களுக்குச் சம்பளத் தகராறு. 'தராவே', அதாவது பிடியுங்கள், என்று எழுதிய ஓலையில் சித்தி ஆனந்திபாய் ஓர் எழுத்தைத் திருத்தி, கொல்லுங்கள் என்று அர்த்தம் வரும்படி 'மாராவே' ஆக்கினார் என்பார்கள். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைத்த என் தமிழய்யா சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன். பையன், "காகா, என்னைக் காப்பாற்று" என்று கத்திக்கொண்டு ஓடினான்; பௌர்ணமி ராத்திரியில் அந்தக் குரல் இன்றும் கேட்கிறதாம். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. இது தெரியாத தமிழர் காதில் விழுந்தால், பேய்க்குப் பதில் காக்கையைத் தேடுவார்.

நீதிபதி ராமசாஸ்திரி சித்தப்பாவை முகத்துக்கு நேரே குற்றவாளி என்றார். மந்திரிகள் ஒன்றுகூடி, நாராயணராவ் இறந்தபின் பிறந்த குழந்தையை நாற்பதாவது நாளிலேயே பேஷ்வா ஆக்கினார்கள். தொட்டிலில் கிடந்தவர்தான் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தொந்தரவு தராதவர்.

கடைசியில் நாற்காலி சித்தப்பாவின் மகன் இரண்டாம் பாஜிராவுக்கே வந்தது. 1817 நவம்பரில் கட்கி சண்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தோற்று அவர் ஓட, ஷனிவார் வாடாவில் கம்பெனிக் கொடி ஏறியது. ஏற்றியவர் பாலாஜிபந்த் நாது. வெள்ளைக்காரர் அல்ல, பக்கா மராத்திக்காரர். யானை எதுவும் தேவைப்படவில்லை. 1828ல் பிடித்த தீ ஏழு நாள் எரிந்து மாளிகையைத் தின்றது. மதிலும் கதவும் தப்பின. முட்கள் அப்படியே இருக்கின்றன. விரல் வைத்துப் பார்த்தேன், இன்னும் குத்துகின்றன.

பாஜிராவுக்கு ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் பென்ஷன். சீக்கிரம் கணக்கு முடிந்துவிடும் என்று கம்பெனி நினைத்தது. கான்பூர் பக்கம் கங்கைக்கரையில் பிட்டூருக்குப் போனவர், 1851வரை உட்கார்ந்து வாங்கினார்.