மாமா பதில்கள்: தரங்கம்பாடியில் இறங்கிய இளைஞர்

சென்ற இதழில் சீகன்பால்குவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்குப் பை நிறையக் கடிதங்கள். ஆகவே இந்த வாரம் முழுக்க அவருக்கே.

*கல்லூரி மாணவி, மயிலாடுதுறை*
யார் மாமா அவர்? ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு. 1682இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயும் தந்தையும் போய்விட்டார்கள். வயிற்றுக் கோளாறு மட்டும் கடைசிவரை கூடவே இருந்தது. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். 1719இல் அங்கேயே மறைந்தார். மூச்சு விட்டுக்கொள், மருமகளே.

*மளிகைக் கடைக்காரர், கும்பகோணம்*
ஜெர்மன்காரரை டென்மார்க் ராஜா ஏன் அனுப்பினார்? அவர் ஊரில் ஆளே இல்லையா?

தேடினார்கள், கிடைக்கவில்லை. தரங்கம்பாடி 1620 முதல் டேனிஷ்காரர் கையில் இருந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம், டேன்ஸ்பர்க் கோட்டை, மிளகு, துணி என்று வியாபாரம் நடந்தது. கோட்டைக்காரர்களுக்குப் பூசை வைக்கப் பாதிரியார் இருந்தார். ஊர்க்காரர்களிடம் பேச ஒருவரும் இல்லை. 85 வருஷம் கழித்து நான்காம் பிரெடரிக் மன்னருக்கு அது உறைத்தது. ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்திலிருந்து இரண்டு பேர் கிடைத்தார்கள். இன்னொருவர் ஹென்ரிக் புளூட்சோ. கடை நடத்துபவருக்குத் தெரியாததா? உள்ளூரில் சரக்கு இல்லையென்றால் வெளியூரில் கொள்முதல்.

*ரயில்வே ஊழியர், விழுப்புரம்*
தரங்கம்பாடிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிய போஸ்டிங்கா?

முதலில் மேற்கிந்தியத் தீவுகள் என்றார்கள். பிறகு ஆப்பிரிக்காவின் கினிக் கரை என்றார்கள். கடைசியில் தரங்கம்பாடி. நடுவில் கோபன்ஹேகன் பிஷப் தேர்வு வைத்து இருவரையும் பெயிலாக்கினார். மன்னர் மறுபடி சோதிக்கச் சொன்னார், பாஸ். உங்கள் டிபார்ட்மென்ட் டிரான்ஸ்பர் ஆர்டர் இதன் பக்கத்தில் நிற்குமா?

*பள்ளி மாணவர், சிதம்பரம்*
எத்தனை நாள் பயணம்?

1705 நவம்பர் கடைசியில் ‘சோபியா ஹெட்விக்’ என்ற கப்பலில் ஏறினார்கள். ஏழு மாதத்துக்கு மேல். நன்னம்பிக்கை முனையில் கொஞ்சம் இளைப்பாறல், பிறகு மறுபடி தண்ணீர். வழியில் விமானம் எதுவும் கண்ணில் படவில்லை.

*ஆட்டோ ஓட்டுநர், காரைக்கால்*
இறங்கியதும் மாலை மரியாதை உண்டா?

வெயில் மரியாதை.

தரங்கம்பாடியில் கப்பல் கரையணைய வசதி கிடையாது. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, படகில் அலை தாண்டி மணலுக்கு வரவேண்டும். அப்படித்தான் வந்தார்கள். கோட்டைத் தளபதி ஹாசியுஸ் எட்டிப் பார்க்கவில்லை.

ஜூலை மாதம், ஐரோப்பிய உடுப்பு, நகர வாசலுக்கு வெளியே நிழல் தேடி நிற்கும் இரண்டு பேர். மணி மணியாகக் காத்திருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் தளபதி பரிவாரத்தோடு வந்தார். யார் நீங்கள், யார் அனுப்பியது என்று கேட்டார். மன்னரின் ஆணையைக் காட்டினார்கள். பார்த்தார். தங்க ஒரு மூலைகூடக் காட்டாமல் தெருவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். மனமிரங்கிய யாரோ தம் உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போனதால் முதல் இரவு கூரைக்குக் கீழே கழிந்தது.

கையெழுத்து ராஜாவுடையது. கதவின் தாழ்ப்பாள் அதிகாரியுடையது. 1706லேயே இதுதான் நடைமுறை.

*வழக்கறிஞர், நாகப்பட்டினம்*
ஹாசியுஸுக்கு என்ன கோபம்? நாலு பாட்டுப் பாடிவிட்டுப் போகப்போகிறார்கள்.

பாட்டோடு நின்றிருந்தால் பிரியாணியே போட்டிருப்பார். இவர்கள் ஐரோப்பியர் வீட்டு அடிமைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் அனுப்பச் சொல்லி உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். 1707 மே மாதம் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர் வீட்டு அடிமைகள். எஜமானர் மண்டியிடும் அதே கடவுள் முன்னால் அடிமையும் மண்டியிட்டால், எழுந்து நிற்கும்போது இருவரும் ஒரே உயரம். கம்பெனிக்கு வயிற்றைக் கலக்காதா?

1708 நவம்பரில் ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் அவள் பக்கம் பேசியதற்காக சீகன்பால்குவை ஹாசியுஸ் சிறையில் தள்ளினார். நான்கு மாதம். வக்கீல் சார், ஃபீஸ் வாங்காமல் வாதாடிய கட்சிக்காரருக்காக நீங்கள் கடைசியாக எப்போது உள்ளே போனீர்கள்?

*ஆசிரியை, சீர்காழி*
மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றாராமே, உண்மையா?

உண்மை, டீச்சர். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

திண்ணைப் பள்ளி நடத்திய ஒரு வயதான வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வந்து பாடம் நடத்தச் சொன்னார்கள். தரையில் மணல் பரப்பி, பொடிசுகள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத, அந்த வரிசையில் லத்தீனும் கிரேக்கமும் படித்த இரண்டு பெரிய பையன்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். எழுத்து பிடிபட்டது. அர்த்தம் பிடிபடவில்லை! வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது.

கற்பிக்க வந்தவர் முதல் வேலையாக ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார். அவர் பிற்பாடு செய்த அத்தனைக்கும் அஸ்திவாரம் அந்த மணல்தான்.

*டிஎன்பிஎஸ்சி மாணவர், திருவாரூர்*
அர்த்தம் சொல்லிக் கொடுத்தது யார்? தேர்வில் வருமா?

அழகப்பன். டேனிஷ் கம்பெனியில் துபாஷியாக இருந்தவர். போர்த்துகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் தெரிந்தவர். தேர்வில் வராது. ஜெர்மன்காரர் பெயர் வரும். தமிழ் சொல்லிக் கொடுத்த தமிழர் பெயர் பாடப் புத்தகத்தில் வருவதில்லை; எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு. நீ அதிகாரியானதும் சேர்த்துவிடு.

*அதே மாணவர், அடுத்த அஞ்சல் அட்டை*
அவருடைய படிப்பு டைம்டேபிள் கிடைக்குமா?

ஊருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். காலை ஏழிலிருந்து எட்டுவரை சொற்களை உருப்போடுதல். எட்டிலிருந்து பன்னிரண்டுவரை புது நூல் வாசிப்பு. பக்கத்தில் ஒரு வயதான புலவர், ஓர் எழுத்தர். பிற்பகலில் மறுபடி வாசிப்பு. இருட்டிய பிறகு கண் கெடாமலிருக்க ஒருவர் ஏட்டைப் படிக்க இவர் கேட்பார். எட்டு மாதத்தில் தமிழில் பேச்சும் எழுத்தும் கைவந்தன. செல்போன் நேரம் என்று ஒரு வரி அதில் இல்லை, தேடாதே.

*ஓய்வுபெற்ற தாசில்தார், திருச்சி*
மதம் மாற்ற வந்தவரை இவ்வளவு கொண்டாடுகிறீர்களே!

மாற்றத்தான் வந்தார், மறைக்க ஒன்றுமில்லை. நம் பூசைகளையும் தெய்வங்களையும் கடுமையாகத் தாக்கி எழுதியவர். அந்த வரிகளை நான் கொண்டாடவில்லை.

ஆனால் நம் நூல்களைப் படித்த பிறகு இன்னொன்றும் எழுதினார். இந்த மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று ஐரோப்பாவில் எண்ணுவது மொழி தெரியாததால் வந்த தவறு, தானும் அப்படி எண்ணியிருந்தவன்தான் என்று. கையோடு 1708இல் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். தன் எண்ணம் தப்பு என்று ஊரறியச் சொல்லும் இருபத்தாறு வயதுக்காரரை எனக்குப் பிடிக்கும். நம்மில் பலருக்கு அது அறுபத்தாறிலும் வருவதில்லை.

*நூலகர், தஞ்சாவூர்*
ஏடுகள் எப்படிக் கிடைத்தன?

ஆள் அனுப்பினார். அவருடைய எழுத்தர்கள் உள்ளூர்களுக்கு நடந்துபோய், கணவனை இழந்த பிராமணப் பெண்களிடம் பரணில் கிடந்த ஏடுகளை விலைக்கு வாங்கி வந்தார்கள். 1708க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்போடு பட்டியல் போட்டுவிட்டார். வந்து இரண்டே வருஷம். உங்கள் நூலகத்தில் கேட்லாக் முடிந்துவிட்டதா?

*வளரும் எழுத்தாளர், மன்னார்குடி*
கதை அனுப்பி இரண்டு மாதம் ஆயிற்று, பத்திரிகையிலிருந்து பதிலே இல்லை. சீகன்பால்குவிடம் இதற்கு மருந்து உண்டா?

உண்டு. 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே பக்தி இயக்கத்தின் பெரியவர் பிராங்கேயின் தீர்ப்பு: புறசமயத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல. கைப்பிரதி உறங்கியது. 1867இல்தான் அச்சேறியது, அதுவும் சென்னையில். கணக்குப் போட்டுப் பார், தம்பி, உனக்கு இன்னும் 153 வருஷமும் பத்து மாதமும் இருக்கிறது.

*அச்சக உரிமையாளர், சிவகாசி*
தமிழின் முதல் அச்சுப் புத்தகம் அவர் போட்டதுதானே?

இல்லை, அண்ணாச்சி. 1554இலேயே லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழ் அச்சாகிவிட்டது. தமிழ் எழுத்திலேயே வந்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578, கொல்லம்; ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் பாதிரியார் போட்டது. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு என்ற பெருமை அதற்கு உண்டு, அது போதும்.

உங்கள் தொழில் சங்கதி ஒன்று. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் குண்டு குண்டாக வந்து காகிதத்தை விழுங்கின. தரங்கம்பாடியிலேயே சின்னதாக வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கியதாகச் சொல்வார்கள். காகிதத்துக்குப் பொறையாற்றில் பட்டறை. சீஸைத் தின்றுவிட்டு டப்பாவைத் தூக்கிப்போடுவது நாம்.

*தமிழாசிரியர், அரியலூர்*
வீரமாமுனிவர் இவர்கள் தமிழைக் கிழித்துத் தோரணம் கட்டினாராமே?

ஆமாம். தேம்பாவணி எழுதிய கைக்கு அந்த உரிமை உண்டு. கம்பெனி ஊரில் அவசரமாகக் கற்ற பேச்சுத் தமிழ் இலக்கணக் கண்ணுக்கு உறுத்தத்தான் செய்யும். ஆனால் ஒன்று கவனியும்: இத்தாலியர் எழுதிய தமிழ், ஜெர்மன்காரர் எழுதிய தமிழைப் பிழை பிடித்துச் சண்டை போடுகிறது. தமிழ்த்தாய்க்கு அதைவிடத் திருவிழா ஏது?

*குடும்பத் தலைவி, வேளாங்கண்ணி*
மதுரையில் தத்துவ போதகர் நோபிலி காவி கட்டினார். இவர்?

நோபிலி மதுரைக்கு வந்தது 1606. சரியாக நூறு வருஷ இடைவெளி. அவர் மேலிருந்து தொடங்கினார், அக்கிரகாரத்து ஆசாரத்தோடு. இவர் கீழிருந்து, அடிமைகளோடும் திண்ணைப் பொடிசுகளோடும். என் மனசு திண்ணைப் பக்கம்.

*தலைமையாசிரியை, பொறையாறு*
பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தாரா?

வந்த மறு வருஷமே, 1707இல். அதே வருஷம் ஆகஸ்டில் ‘புது எருசலேம்’ கோயிலும் கட்டியாயிற்று. கடல் அரித்த பிறகு 1718இல் வேறிடத்தில் கட்டியதுதான் இப்போது நிற்பது. அங்கேதான் அவரும் இருக்கிறார்.

*இளம் உபதேசியார், கொடைக்கானல் மலைக் கிராமம்*
வந்து ஒரு வாரம். பேச்சு வழக்கு புரியவில்லை, யாரும் பேசவும் இல்லை. என்ன பிரசங்கம் செய்வது, மாமா?

ஒன்றும் செய்யாதே, மருமகனே. முதல் மாதம் பிரசங்கம் வேண்டாம். டீக்கடை பெஞ்சில் உட்கார். பூண்டு உரிக்கும் வீட்டில் நீயும் இரண்டு கை உரி. கிழவிகள் செடிக்கும் பூச்சிக்கும் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொள். தப்பாகச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும், சிரிக்க விடு. சிரித்த பிள்ளை மறுநாள் உன் விரலைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் கூட்டிப்போகும். ஊர் உன்னிடம் கேள்வி கேட்கும் நாள் வரும். அன்றைக்கு வாயைத் திற. சுருக்கமாக.

*பொறியாளர், சென்னை*
ஊர்க்காரர்கள் சீகன்பால்குவைக் கேள்வி கேட்டார்களா?

முதலில் கேட்டது அவர்தான். 1712 முதல் தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, பதில்களை வாங்கி ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார். 99 கடிதங்கள் அச்சாயின. சாமி, சாதி, கல்யாணம், வைத்தியம், பாவ புண்ணியம் எல்லாம் உண்டு. பெரும்பாலானவை அழகப்பன் எழுதியவை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பதிலோடு எதிர்க்கேள்வியும் போட்டார்கள்: உங்கள் வேதம் இவ்வளவு உயர்ந்தது என்றால் கோட்டையில் இருக்கும் உங்கள் ஆட்கள் ஏன் இப்படிக் குடித்துக் கூத்தடிக்கிறார்கள்?

அதையும் வெட்டாமல் பெயர்த்து அனுப்பினார் பாருங்கள், அதற்காகத்தான் இந்த வாரம் முழுக்க அவருக்கு.