தூர விதி: பாகான் டாலாம் வட்டாரச் சிறப்புச் செய்தியாளர் குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

ஒரே வசனம், ஒரே விளக்கம். உள்ளூர்ப் பாஸ்டர் சொன்னால் சபையார் கைபேசியில் வாட்ஸ்அப் பார்க்கிறார்கள். ‘சிறப்புச் செய்தியாளர்’ என்று அழைக்கப்பட்ட வெளியூர்ப் பாஸ்டர் சொன்னால் அதே கைபேசியில் குறிப்பெடுக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கும் சொந்தப் பாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்படி ஒரு செய்திய இதுவரைக்கும் கேட்டதே இல்ல பாஸ்டர்” என்கிறார்கள். அவர் அதைத்தான் பிப்ரவரியில் பிரசங்கித்திருந்தார். இந்தப் புதிரை அறிவியல் நோக்கில் ஆராய இதுவரை யாரும் முன்வராததால் இக்கட்டுரை தேவையாகிறது.

கள ஆய்வுக்குப் பாகான் டாலாமைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பட்டர்வொர்த் துறைமுகத்தை ஒட்டிய ஊர். தமிழர் நிறைந்த ஊர். செய்தியாளர் தரை வழியாகவும் வரலாம், தண்ணீர் வழியாகவும் வரலாம். ஆய்வாளனுக்கு இதைவிட வசதியான கூடம் கிடைக்காது.

முதல் முடிவைத் தூர விதி எனலாம்: செய்தியாளரின் மதிப்பு அவர் கடந்து வந்த தூரத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். மாக் மண்டினிலிருந்து வருபவர் ‘பிரதர்’. கூலிமிலிருந்து வந்தால் ‘பாஸ்டர்’. கோலாலம்பூர் என்றால் ‘ரெவரெண்ட்’. திருநெல்வேலியிலிருந்து வருபவர் ‘கர்த்தரால் வல்லமையாய்ப் பயன்படுத்தப்படும் தேவ மனுஷர்’. அவருக்குப் பேனரே இரண்டு பாகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. சாப்பாடும் இதே கோட்டில் ஏறும். பிரதருக்கு மீ கோரேங் பொட்டலம். தேவ மனுஷருக்கு யாராவது ஒரு சிஸ்டர் வீட்டில் இறால் சம்பால், மீன் தலைக் கறி.

விதிக்கு ஒரு விலக்கு: பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன். ஃபெரியில் கடந்தால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்தான், கூலிமைவிடக் கிட்டே. ஆனாலும் அங்கிருந்து வருபவர் கூலிம்காரரைவிட ஒரு படி மேலே நிற்கிறார். இடையில் இருப்பது கடல் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தென்படவில்லை. 1918இல் மலாயாப் பயணத்தில் பினாங்குக்கு வந்த சாது சுந்தர் சிங்குக்குத் தமிழே தெரியாது. அதனால் அவர் மதிப்பு குறைந்ததாக எந்தச் சான்றும் இல்லை. அவர் பல கடல் கடந்தவர்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது பொருளாதாரத்தையும் தொட வேண்டும். ஃபெரிக் கட்டணம் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகும்போது மட்டும்தான். 1985இல் திறந்த பாலத்திலும் டோல் அதே திசையில்தான். ஆகவே தீவுச் செய்தியாளர் நம்மிடம் இலவசமாக வருகிறார்; வீடு திரும்பத்தான் காசு. காணிக்கைக் கவர் வரும்போது கொடுக்கப்படாமல் விடைபெறும்போது, கை குலுக்கும் சாக்கில், கைக்குள் கை வைத்துத் தரப்படும் வழக்கம் இதனால் தோன்றியிருக்கலாம். ‘இடது கை அறியாமல்’ என்ற கட்டளையைப் பொருளாளர் அங்கிள் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுவார். கவரில் எத்தனை வெள்ளி என்பது சில சமயம் வலது கைக்கும் தெரியாது.

இத்துறையின் மிகப் பழைய சட்டநூல் ‘திடாக்கே’. ஆதிச் சபையின் கையேடு. நெடுங்காலம் காணாமல் போய், 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு, 1883இல் அச்சேறியது. ஊர் ஊராக வரும் அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இன்னொரு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது அது. காசு கேட்டாலும் கள்ளன். ஆவியில் நிறைந்து விருந்து வைக்கச் சொல்லிவிட்டு, அதில் தானே உட்கார்ந்து சாப்பிட்டாலும் கள்ளன். மீன் தலைக் கறியைப் பற்றி இனிமேல் பேசாதிருப்பது நல்லது.

இச்சட்டப்படி பவுலே தேறமாட்டார். துரோவாவில் அவர் ஏழு நாள் தங்கினார். கடைசி இரவில் பேச்சு நள்ளிரவைத் தாண்ட, மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிக் கீழே விழுந்தான். பவுல் இறங்கிப்போய் அவனை உயிரோடு மீட்டு, மேலே வந்து சாப்பிட்டுவிட்டு, விடியும்வரை தொடர்ந்தார். செய்தியாளர்கள் இச்சம்பவத்தின் பின்பாதியை மட்டும் முன்மாதிரியாகக் கொண்டுவிட்டார்கள் என்பதே என் கணிப்பு. நம் நாட்டுச் சிறு சபைகள் பல கடைவீட்டு மாடியில்தான் கூடுகின்றன. ஏர்கோன் வந்து ஜன்னல்கள் சாத்தப்பட்டது பெரிய பாதுகாப்பு.

ராஜூலா கப்பல் ஓடிய காலத்தில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியவருக்கு அடுத்த கப்பல் வரும்வரை போக்கிடமில்லை. அப்போது இரண்டு நாள் சட்டம் எப்படிச் செல்லும்? 2024 டிசம்பரில் சென்னை–பினாங்கு நேரடி விமானம் வந்தபின் சட்டம் மறுபடி நடைமுறைக்கு உகந்ததாகிவிட்டது. ஆனால் வருகிறவருக்கு இப்போது களைப்பே இல்லை. களைப்பில்லாத தேவ மனுஷரிடம் தூர விதி எவ்வளவு காலம் தாங்கும் என்பது கவலைக்குரியது.

இனி, ஆய்வின் மையம். சிறப்புச் செய்தியாளர் கண்ணை மூடி, “இங்கே தம்பியோடு பேசாம இருக்கிற ஒருத்தர் உட்கார்ந்திருக்கீங்க” என்கிறார். சபை நடுங்குகிறது. தமிழர் ஐம்பது பேர் கூடும் எந்த இடத்திலும் இது பொய்க்க வாய்ப்பே இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டாம் வரிசையில் ஒருவர் அழுகிறார். நான்காம் வரிசையில் ஒருவர், பாஸ்டர்தான் முன்கூட்டியே போட்டுக்கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டுகிறார். பாஸ்டருக்கு அந்தத் தகராறு தெரியும்தான். நிலத்தின் விலை, வக்கீல், யார் யாருடைய கல்யாணத்துக்குப் போகவில்லை, எல்லாம் தெரியும். அதனால்தான் அவர் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டம் அண்ணன் வீட்டில், பலகாரம் தம்பி வீட்டில். செய்தியாளர் மாலை ஃபெரிக்குப் போய்விடுவார். திடாக்கே இரண்டு நாளோடு நிறுத்தியதன் சூட்சுமமும் இதுவே: மூன்றாம் நாள் அவருக்கும் யார் யாருக்கு மச்சான் என்று தெரிந்துவிடும்; பிறகு வாய் எழாது.

தலைமைத்துவப் பயிலரங்குகளிலும் இந்தச் செய்தியாளரே பேசுகிறார். சனிக்கிழமை, ஹோட்டலில், டை கட்டி, நெகேமியா 52 நாளில் மதிலைக் கட்டியது திட்ட மேலாண்மை. ஞாயிற்றுக்கிழமை அதே 52 நாள் விசுவாசம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் ஏழாவது நிமிடம் சிவப்பு விளக்கு எரியும். சபைக்கும் அதைப் பரிந்துரைத்தேன். மூப்பர்கள் ஜெபித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

ஓராண்டு ஒரே இடத்தில் பிரசங்கித்தால் தானும் தூங்கிச் சபையையும் தூங்கவைத்துவிடுவதாக ஜான் வெஸ்லி எழுதியிருக்கிறார். அதனால்தான் மெதடிஸ்டுகள் போதகர்களைச் சுற்றில் விட்டார்கள். நம் பக்கத்தில் இதன் எளிய வடிவம் மேடை மாற்று. பாகான் டாலாம் பாஸ்டர் சுங்கைப் பட்டாணிக்குப் போவார்; அங்குள்ளவர் இங்கே வருவார். இருவரும் போன வாரம் சொந்தச் சபையில் எடுபடாத செய்தியையே சொல்கிறார்கள். இரண்டு ஊரிலும் எழுப்புதல். இரண்டு இடத்திலும் உடனிருந்து ஒப்பிட்டுச் சொல்லத் தகுதியான ஒரே சாட்சி பாஸ்டரம்மா. அன்றைக்கு மட்டும் அவர் தாமாகவே முன்வந்து கீழ்மாடியில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதால், அந்தத் தரவு கிடைக்கவில்லை.