கியர் மாமா

எல்லாக் குடும்பத்திலும் ஒரு கியர் மாமா உண்டு. சில வீடுகளில் அவர் பெரியப்பாவாக இருப்பார், சில வீடுகளில் சித்தப்பாவாக. மாமனாராக வாய்த்தவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். வயது அறுபதை ஒட்டி இருக்கும். அவரைப் பார்த்து "உங்களுக்கு கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டுவிடாதீர்கள். அவர் கணக்கில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மற்ற எல்லாரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவர்கள்.

கல்யாண மண்டபத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். அடுத்த பந்திக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவில் இடது கையால் காற்றில் கியர் மாற்றிக்கொண்டிருப்பார். இன்ஜின் சத்தத்தையும் வாயாலேயே கொடுப்பார். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது ஊரறிந்த விஷயம். ஒவ்வொரு வளைவிலும் எந்த கியரில் வந்தார், எதற்கு இறக்கினார், எதிரே வந்த லாரிக்காரன் என்ன சொல்லிப் பாராட்டினான் என்பதெல்லாம் மாமா மட்டும் அறிந்த விஷயம். பதினேழாவது வளைவில் பந்திக்குக் கூப்பிட்டு மற்றவர்களைக் காப்பாற்றுவார்கள்.

அவர் கற்றுக்கொண்டது அம்பாசடரில். அதில் கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும். முன்சீட்டு நீளமான ஒரே பெஞ்சு. அதில் டிரைவரோடு மூன்று பேரும் மடியில் இரண்டு குழந்தைகளும் உட்கார்ந்த பிறகு, மிச்சமிருக்கும் சந்தில் கியர் போட வேண்டும். பிறகு பத்மினி, அதன் பிறகு மாருதி 800. ஜெமினி மேம்பால ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துக்கு அடியில் தீப்பெட்டி வைத்தால்கூட அது நசுங்காமல் ஹாஃப் கிளட்சில் வண்டியை எடுப்பேன் என்பது அவருடைய நிரந்தரச் சவால். அந்த மேம்பாலம் 1973-இல் திறந்ததிலிருந்து இன்றுவரை யாரும் அங்கே தீப்பெட்டியோடு போய் நின்றதில்லை என்பதால் சவால் அப்படியே இருக்கிறது.

மற்றவர்கள் ஓட்டும் காரில் ஏறினால் மாமாவுக்கு வேலை அதிகம். இடது கால் இல்லாத கிளட்சை அமுக்கிக்கொண்டே வரும். காது இன்ஜின்மேல் இருக்கும். "திணறுது பாரு, கேக்கலையா? செகண்டுக்கு வா." "கிளட்ச் மேலயே காலை வெச்சிருக்கியே, பிளேட் என்னத்துக்கு ஆகும்?" மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டு கியரை இறக்குவார். மாமா திருப்தியோடு கண்ணை மூடுவார், அடுத்த ஸ்பீடு பிரேக்கர் வரும்வரை.

ஆட்டோமேட்டிக் என்ற பேச்சு வந்தால் முகம் சுளிக்கும். "அதை ஓட்டறேன்னு சொல்லாதே, அதுல போறேன்னு சொல்லு" என்பார். சிங்கப்பூரில் இருக்கும் தங்கை மகனிடம் உள்ளது 3ஏ வகை லைசென்ஸ். அதை வைத்து ஆட்டோமேட்டிக் கார் மட்டும்தான் ஓட்டலாம், கியர் காரைத் தொடக் கூடாது. மாமா அதற்கு அரை டிக்கெட் லைசென்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார். "நம்ம ஊர்ல கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் 16 வயசுப் பசங்களுக்குக் கொடுக்கறது. அதுவும் 50 சிசிக்குள்ள இருக்கற மொபெட்டுக்கு" என்று தொலைபேசியிலேயே சொல்லிச் சிரிப்பார். அந்தப் பையனுக்கு இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள்.

பேட்டரி இன்னொரு வாதம். "நடுராத்திரில பேட்டரி போயிடுச்சுன்னு வெச்சுக்க. கியர் வண்டின்னா தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம். ஆட்டோமேட்டிக்ல என்ன பண்ணுவே?" என்று ஒருமுறை அத்தையிடம் கேட்டார்.

"தள்ள வேண்டாம்னு நிம்மதியா உட்கார்ந்திருப்பேன். இத்தனை வருஷமா நானும் பசங்களும்தானே தள்ளறோம்?" என்றார் அத்தை.

2014-ஐ மாமா மறக்கவே மாட்டார். அந்த ஜனவரியில் மாருதி 800 தயாரிப்பு நின்றது. மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் தொழிற்சாலை மூடப்பட்டது. இரண்டுக்கும் நடுவே பிப்ரவரியில், கிளட்ச் மிதி இல்லாத செலேரியோவை மாருதி சந்தைக்குக் கொண்டுவந்தது. நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் ஆட்டோமேட்டிக் வந்தது அப்போதுதான். இது மூன்றும் தற்செயலாக நடந்தது என்று நீங்கள் நினைக்கலாம். மாமா நினைக்கவில்லை.

இப்படிப்பட்டவரைக் கடைசியில் வீழ்த்தியது இடது முழங்கால். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த நாளிலிருந்து, வடபழனியிலிருந்து போரூர் போவதற்குள் கிளட்சை எத்தனை தடவை மிதித்தோம் என்று எண்ணுவதை அவர் விட்டுவிட்டார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்குமுன்பே "என்ன கார் சார் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். வீட்டில் அத்தை தீர்ப்பு எழுதினார்: "ஏங்க, உங்க முட்டிக்குத் தைலம் தேய்ச்சு என் மணிக்கட்டு போயிடுச்சு. ஒண்ணு காரை மாத்துங்க, இல்லேன்னா காலை மாத்துங்க." கால் விலை அதிகம்.

ஷோரூமில் இருந்த தம்பி சாமர்த்தியசாலி. வாசலில் நுழையும்போதே மாமா எந்த ரகம் என்று புரிந்துகொண்டான்.

"சிவிடின்னு ஒண்ணு இருக்கு சார். கியரே கிடையாது. ரெண்டு புல்லி, நடுவுல ஒரு பெல்ட்டு. ரொம்ப வழவழன்னு போகும்."

"பெல்ட்டா? நான் மாவு மில்லு வாங்க வரலை தம்பி."

"டிசிடி பாருங்க சார். இதுல கிளட்ச் ரெண்டு."

இரண்டு கிளட்ச் என்றதும் மாமாவின் கண்கள் விரிந்தன. விலையைக் கேட்டதும் பழையபடி ஆயின.

"அப்போ உங்களுக்கு ஏஎம்டிதான் சார். நீங்க இப்ப ஓட்டற வண்டில இருக்கற அதே கிளட்ச், அதே கியர்பாக்ஸ். உங்க காலுக்கும் கைக்கும் பதிலா மோட்டார் வேலை செய்யும், அவ்வளவுதான். கியரை எப்ப மாத்தணும்னு ஒரு கம்ப்யூட்டர் சொல்லும்."

"அப்போ உள்ள கிளட்ச் இருக்கு?"

"இருக்கு சார்."

மாமா அத்தையைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியா? இது கியர் வண்டிதான்." அன்றே முன்பணம் கட்டினார்கள்.

ஆயுத பூஜைபோலச் சந்தனம், குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் எல்லாம் முறைப்படி நடந்து, வண்டி தெருவுக்கு வந்தது. முதல் சிக்னல். மாமாவின் இடது கால் நாற்பது வருடப் பழக்கத்தில் கிளட்சைத் தேடிப் போனது. அங்கே கிளட்ச் இல்லை, அகலமான பிரேக் மிதி இருந்தது. கிளட்ச் பழகிய கால் எதையும் அளந்து மிதிக்காது, ஒரே மூச்சில் அடிவரை அமுக்கும். வண்டி ஆணி அடித்ததுபோல் நின்றது. அர்ச்சனைத் தட்டிலிருந்த தேங்காய் மூடி முன்கண்ணாடிக்குப் போனது, அத்தை பாதி வழி போனார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா பெரிசு, வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்றார்.

"பிரேக் எப்படி இருக்குன்னு பார்த்தேன்" என்றார் மாமா, யாரும் கேட்காமலேயே.

கால் கஷ்டம் ஒரு வாரத்தில் தீர்ந்தது. கை கஷ்டம் தீரவில்லை. பிடிக்க ஒன்றும் இல்லாமல் இடது கை தவித்தது. டி-யில் நிற்கும் லீவரை அவ்வப்போது தொட்டுத் தடவுவார். "கையை எடுங்க, அது பாட்டுக்குப் போகுது" என்பார் அத்தை. அது பாட்டுக்குப் போவதுதான் மாமாவின் துக்கம் என்று அத்தைக்குத் தெரியும்.

ஏஎம்டி வண்டிக்கு ஒரு குணம் உண்டு. கியர் மாறும்போது ஒரு கணம் இழுவை விட்டுப்போகும், உள்ளே இருப்பவர்களின் தலை லேசாக முன்னால் போய் வரும். மாமா அதைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார். தலை ஆடும்போதெல்லாம் "தேர்டு" என்றும் "ஃபோர்த்து" என்றும் அறிவிப்பார், தாமே போட்டதுபோல. வண்டி செகண்டிலேயே இழுத்துக்கொண்டு போனால் "மாத்தேன், சனியனே" என்று திட்டுவார். ஒருநாள் ஆக்ஸிலேட்டரில் காலை லேசாகத் தளர்த்தினால் கியர் உடனே மாறுகிறது, தலையும் ஆடுவதில்லை என்று கண்டுபிடித்தார். இது அந்த வண்டி ஓட்டும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். மாமா மட்டும், "நான் சொன்னா கேக்குது" என்று தெரு முழுக்கச் சொன்னார்.

ஆட்டோமேட்டிக் என்றால் நிறுத்தியதும் 'பி' போட வேண்டும் என்று சிங்கப்பூர்ப் பையன் சொல்லியிருந்தான். லீவரில் ஆர், என், டி எல்லாம் இருந்தன. பி இல்லை. எழுத்துக் குறைவாக வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மாமா ஷோரூமுக்கே போய்விட்டார். இந்த ரக வண்டிகளில் பெரும்பாலும் பி கிடையாது, கியரில் வைத்து இன்ஜினை அணைத்து ஹேண்ட்பிரேக் போட வேண்டும் என்று அந்தத் தம்பி விளக்கினான். ஹேண்ட்பிரேக் இன்னும் தம் பொறுப்பில்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் மாமாவின் முகம் மலர்ந்தது. இப்போது அவர் வீடு வந்து சேர்ந்ததை அந்தக் 'கர்ர்ர்' சத்தத்தை வைத்தே மூன்றாவது வீட்டில் தெரிந்துகொள்கிறார்கள்.

அவர் உண்மையில் இடிந்துபோனது ஜெமினி மேம்பாலத்தில். ஏற்றத்தில் வண்டிகள் நின்றன. பழக்கத்தில் இடது கால் பரபரக்க, பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தார். வண்டி பின்னால் ஓர் அங்குலம்கூடப் போகவில்லை. ஏற்றத்தில் இரண்டு விநாடி தானே பிரேக்கைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. ஆயுள் முழுவதும் சொல்லி வந்த தீப்பெட்டி வித்தையை, லைசென்ஸ்கூட இல்லாத ஒரு கம்ப்யூட்டர் செய்து காட்டிவிட்டது. அன்று வீடுவரை மாமா எந்த கியரையும் அறிவிக்கவில்லை.

இதில் ஒரு நல்லதும் நடந்தது. முன்பெல்லாம் யாராவது குறுக்கே வந்தால் வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கிப் போய்ச் சண்டை போடுவார். டி-யில் பிரேக்கை விட்டால் வண்டி தானாக ஊர ஆரம்பித்துவிடுகிறது. சண்டை முழுவதையும் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே முடிக்க வேண்டியிருப்பதால் சீக்கிரம் முடித்துவிடுகிறார். ரத்த அழுத்தம் இறங்கியிருப்பதாக டாக்டர் சொல்கிறார்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். அதே கூட்டம், அதே இடது கை. "இன்னுமா கியர் மாத்திக்கிட்டிருக்கே? இந்த டிராஃபிக்ல எவனாவது கியர் வண்டி ஓட்டுவானா? அமெரிக்காவுல ஓல்ட்ஸ்மொபைல்காரன் 1940 மாடல்லயே கொண்டுவந்துட்டான், நாமதான் லேட்டு. நான் அப்பவே உங்க அத்தைகிட்ட சொன்னேன்." சற்றுத் தள்ளி நின்ற அத்தை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பழைய மாருதி 800 இன்னும் போர்ட்டிகோவில் உறை போட்டபடி நிற்கிறது, யாராவது நல்ல விலை கொடுத்தால் தருவாராம். நல்ல விலை என்பது என்ன விலை என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கிண்டல் போதும். ஒரு விஷயத்தில் கியர் மாமா சொல்வதுதான் சரி. மலை ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும். டி-யில் போட்டுவிட்டு ஏற்காட்டிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், அடிவாரம் வருவதற்குள் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும். 'எம்' அல்லது 'எல்' போட்டு, செகண்டிலோ ஃபர்ஸ்டிலோ இன்ஜின் பிடிப்பில்தான் வண்டியை இறக்க வேண்டும். இன்னொன்று, புதிதாக மாறியவர்கள் முதல் ஒரு மாதம் இடது காலைச் சீட்டை ஒட்டிப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் சாவி கொடுக்கும் அவசரத்தில் இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. மாமாவுக்கு அவசரமே கிடையாது. போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.