நேரில் கண்ட ஆக்கள்

ஒரு பெரிய பாடகர் மட்டக்களப்புக்கு வந்து கச்சேரி செய்துவிட்டுப் போய் நாற்பது வருஷமானால், அவர் பாடியது ஊருக்கு மறந்துபோகும், சாப்பிட்டது மறக்காது. எந்த வீட்டில், பிட்டா இடியப்பமா, தயிர்ச்சட்டியை வழித்தாரா இல்லையா என்பதெல்லாம் பிசகாமல் இருக்கும். ஒருவர் ஒரே இரவில் ஏழு வீடுகளில் சாப்பிட்டதாகக் காந்திப் பூங்காவின் வாவிக்கரை வாங்குகளில் சாட்சியம் இருக்கிறது. (பெயரைச் சொன்னால் அவருடைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.) ஏழு சாட்சிகளும் உயிரோடு இருக்கிறார்கள். அவ்வளவையும் சாப்பிட்ட மனுஷன் பிறகு எப்படி மூச்சுப் பிடித்துப் பாடினார் என்று மட்டும் ஒருவரும் யோசித்ததில்லை.

இவர்களைத்தான் நான் 'நேரில் கண்ட ஆக்கள்' என்பேன். பாட்டுக் கேட்கிறவர்கள் வேறு. அவர்கள் கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர்கள் வெயில் தணிந்ததும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு வந்து வாங்கில் இடம் பிடிப்பார்கள்.

சபைக்குத் தலைவர் மாஸ்டர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்தான், ஆனால் வருஷக் கணக்கு மட்டும் அவருக்கு ஒத்துவராது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை நேரில் கேட்டவர் அவர்.

"தோடியெண்டா அதுதான் தோடி. சாமம் தாண்டியும் விடல்ல. இப்பவும் காதுக்குள்ள கிடக்கு."

"மாஸ்டர், ராஜரத்தினம் பிள்ளை மோசம் போனது 56ல. நீங்க பிறந்தது 57."

"எங்கட அப்பா கேட்டவர்கா. அப்பா கேட்டா நான் கேட்ட மாதிரித்தானே?"

இடைமறித்தவர் தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். பாட்டு விஷயத்தில் இந்த வாவியைச் சுற்றியுள்ள எல்லாரையும்விடத் தனக்குத்தான் பங்கு அதிகம் என்பது அவருடைய துணிபு. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியதும் இந்தியாவே ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பியது அல்லவா? அந்தக் காலம் தொட்டு மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று குரல்கள் மாறி மாறி வந்தன. நேயர் விருப்பத்துக்கு மட்டக்களப்பில் இருந்து தபாலட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. அட்டைகளில் முத்திரை குத்தியது யார்? "நான் குத்தாம ஒரு பாட்டும் போகல்ல" என்பார். குத்துமுன் படித்துப் பார்த்திருக்கிறார் என்பதும் பேச்சில் தெரிந்துவிடும். யார் யாருக்கு எந்தப் பாட்டைக் கேட்டார்கள், கேட்டவர்கள் பிறகு வேறு யாரைக் கட்டினார்கள் என்ற விபரங்கள் அவரிடம் உண்டு. இரண்டாவது பிளேன்டீ வாங்கிக் கொடுத்தால் வெளியே வரும்.

வாங்கில் தகவலுக்குத் தகவல்தான் காசு. தபால்காரர் கே.பி. சுந்தராம்பாளை இறக்குவார்: 1935இல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம், அதுவும் ஆண் வேஷத்துக்கு. மாஸ்டர் விடமாட்டார். அந்த அம்மா கிட்டப்பாவைச் சந்தித்ததே நம்முடைய கொழும்பு மேடையில்தான் என்று பதிலுக்கு வைப்பார். தபால்காரர் 1965க்குப் பாய்வார்: விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்த வருஷம் அது. அதே வருஷம்தான் கே.வி. மகாதேவன் 'திருவிளையாடல்' படத்துக்கு இசையமைத்தார் என்பார் மாஸ்டர். அந்தப் படத்தில் தோற்றுப்போகிற வித்துவானுக்குப் பாலமுரளிகிருஷ்ணாவின் குரலைக் கொடுத்தது நியாயமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பாலையாவின் வாயசைப்புக்கே பரிசைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதை நான் அங்கே சொன்னதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் மெதுவாக ஒரு கேள்வி கேட்பார்.

"நாகூர் ஹனிபா பிறந்தது எந்த ஊர்?"

புதிதாக வந்தவன் "நாகூர்" என்று சொல்லிவிடுவான். "ராமநாதபுரம்" என்று சொல்லிவிட்டு ஹாஜியார் வாவியைப் பார்ப்பார். அவ்வளவுதான், பிளேன்டீ அவனுடைய செலவு. இந்த ஒரு கேள்வியிலேயே அவர் பல வருஷமாகத் தேத்தண்ணி குடித்துவருகிறார்.

எனக்குப் பிடித்த விமர்சகர் லவுட்ஸ்பீக்கர்காரர். மாமாங்கம், கொக்கட்டிச்சோலை, மண்டூர் என்று கோயில் கோயிலாகக் குழாய் கட்டியவர். ராகம் தாளம் எதுவும் அவருக்கு வேண்டாம். எழுவான்கரையில் குழாயைக் கட்டி இசைத்தட்டைப் போட்டால் சத்தம் ஆற்றைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போகுமா என்பதுதான் அவருடைய அளவுகோல். "டி.எம். சௌந்தரராஜன் போவார். சீர்காழியும் போவார், போய்த் திரும்பியும் வருவார். பி.பி. ஸ்ரீனிவாஸ் நடு ஆத்துல தாண்டு போயிடுவார், பாவம்." சுந்தராம்பாள்? "அவவுக்கு என்னத்துக்குக் குழாய்?" சுப்புடுகூட இவ்வளவு சுருக்கமாகத் தீர்ப்புச் சொன்னதில்லை.

அத்தாட்சி கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. கேட்டால் விடை ஒன்றுதான்: "சூறாவளியில போயிற்று." 1978 நவம்பர் 23இல் வந்த சூறாவளி கூரைகளையும் தென்னைகளையும் மட்டும் கொண்டுபோகவில்லை. இவர்கள் சொல்வதைப் பார்த்தால், தென்னிந்தியப் பாடகர்கள் போட்ட கையெழுத்துகள் அவ்வளவையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. மாஸ்டர் 1981இல் ஒரு பாடகரோடு எடுத்த படமும் அதே சூறாவளியில்தான் போனது. தபால்காரர் வருஷத்தைச் சுட்டிக்காட்டியபோது, "அப்ப சுனாமியில போயிரிக்கும்" என்றார் மாஸ்டர். அவருடைய வீடு அப்போது கடலில் இருந்து நாலு மைல் உள்ளே இருந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறக்காததற்குக் காரணம் உண்டு. அந்த வாங்கில் இருக்கிறவர்களில் உண்மையாகவே எல்லாப் படங்களையும் பறிகொடுத்தவரும் இருக்கிறார். காற்றில் பாதி, இடம்பெயர்ந்தபோது பாதி, மிச்சம் 2004இல் கல்லடியில். அவருடைய கலியாணப் படத்துக்கும் மாஸ்டரின் பாடகர் படத்துக்கும் இப்போது ஒரே அத்தாட்சிதான் உண்டு, வாய்ச்சொல். ஆகவே ஒருவரும் ஒருவரையும் நெருக்கிக் கேட்பதில்லை.

மேல்நாட்டுப் பாடகர், தென்னாட்டுப் பாடகர் எல்லாம் தீர்ந்தபிறகு உள்ளூர் வித்துவான்களின் முறை வரும். உள்ளூர் வித்துவான் என்றால் மீன்தான். கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் துடுப்பின் ஒரு நுனியை நீரில் வைத்து மறுநுனியைக் காதில் வைத்தால் கேட்கும் என்பார்கள். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவினால் எழும் ஓசை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எமர்சன் டெனன்ட் எழுதிவைத்தார். பாடுவது மீனல்ல, சிப்பியோ ஊரியோ என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் கட்சியை இங்கே எடுத்தால் வாங்கில் இடம் கிடைக்காது. வாங்கில் எல்லாரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். கூட்டிப்போய்க் காட்டும் அன்று மட்டும் அது பாடாது. மீன் பாடுவது சங்கராபரணம் என்பார் மாஸ்டர். ராகமெல்லாம் இல்லை, வெறும் சுருதி என்பார் தபால்காரர். லவுட்ஸ்பீக்கர்காரருக்கு ஒரே குறை: "பேஸ் கூட."

அங்கிருந்து பேச்சு விபுலாநந்த அடிகளுக்குத் தாவும். 1892இல் காரைதீவில் பிறந்தவர், இந்த வாவியின் ஓசையை நீரரமகளிரின் இசையாகக் கவியாக்கியவர், பழந்தமிழ் யாழைக் கணக்கும் பௌதிகமும் கொண்டு மீட்க முயன்ற 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறி அடுத்த மாதமே மறைந்தவர். வாங்கில் இருக்கும் எல்லாரும் யாழ் நூலை வாசித்தவர்கள். எல்லாருக்கும் நினைவில் நிற்பது அட்டை. அதைவிட முக்கியம், அடிகளார் ஒவ்வொருவருடைய மாமனையோ பெரியப்பனையோ சிறுவயதில் தலையில் தட்டி "நல்லாப் படி" என்றிருக்கிறார். அவர் தட்டிய தலைகளை ஒன்றுசேர்த்தால் சிவானந்த வித்தியாலயத்தில் இடம் காணாது.

வாங்கின் ஓரத்தில் ஒரு பறங்கிக்காரர் இருப்பார், தச்சு வேலை. உண்மையாக ஒரு வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர் இந்தச் சபையில் அவர் ஒருவர்தான், வயலின். அதனாலேயே பேச அவருக்கு ஒன்றும் இருப்பதில்லை. நான் ஒருநாள் அவரைக் கேட்டேன், யாரையெல்லாம் கண்டிருக்கிறீர்கள் என்று.

"ஒருத்தரையும் காணல்ல தம்பி. ஊருல கச்சேரி நடக்கிற நாளெல்லாம் எனக்கு எங்கயும் கலியாண வீட்டுல வாசிப்பு."

வாங்கு முழுக்க அவரை அனுதாபத்தோடு பார்த்தது. அது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும்.

"எங்கட அப்பாட கலியாணத்துலதான் வாசிப்பு நல்லமாம்" என்றார். "வயலின்காரர் வரல்ல. மாப்பிள்ளையே கோட்டோட நிண்டு விடியும்வரைக்கும் கப்ரிஞ்ஞா வாசிச்சிரிக்கார். பொம்பிள தனிய ஆடினவவாம்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். தபால்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் கொஞ்சம் நிதானித்தார்.

"எந்த வருஷம்?"

"55."

மாஸ்டர் மனதுக்குள் கழித்துப் பார்த்தார்.

"எங்கட அப்பா போனவர்."

"கலியாணம் நடந்தது திருகோணமலையில, மாஸ்டர்."

"அதைத்தான் நானும் சொல்றன். வெருகல் துறையில பாதை பிந்திப்போச்சு. அவர் போய்ச் சேரக்குள்ள ரெண்டு பாட்டு முடிஞ்சிற்று."